சுனை கீழே, சத்திரம் மேலே: கிராண்ட் கேன்யனில் விடுதிகள் வந்த கதை

அடா பாஸுக்குத் துணி துவைப்பது மூன்று நாள் வேலை. அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென் விளிம்பில் அவர் வீடு. சுற்றுவட்டாரத்தில் கிணறும் இல்லை, ஓடையும் இல்லை. மழைநீர் பிடித்து வைத்த தொட்டி வற்றிவிட்டால் அழுக்குத் துணியை மூட்டை கட்டி, கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு பாறைச் சரிவில் இறங்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். கீழே கொலராடோ ஆற்றுப் பக்கம் போய்த் துவைத்து, காயவைத்து, மறுபடி அதே சரிவில் ஏறி வீடு திரும்ப வேண்டும்.

அடா இசை ஆசிரியை. 1894-ல் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தவர். அங்கே கூடாரம் போட்டு வழிகாட்டியாக இருந்த வில்லியம் வாலஸ் பாஸை அடுத்த ஆண்டே மணந்துகொண்டார். பாஸ் ரயிலடிக்குப் போய்ப் பயணிகளைக் குதிரை வண்டியில் கூட்டி வருவார். வந்தவர்களுக்குச் சமையல், படுக்கை, நாலு குழந்தைகள், கால்நடைகள் என்று மற்றதெல்லாம் அடாவின் பொறுப்பு. விளிம்பில் குடும்பம் நடத்தி, குழந்தை வளர்த்த முதல் வெள்ளைக்காரப் பெண் அவர்தான் என்று அந்த ஊர் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

கிராண்ட் கேன்யனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாறையைத்தான் எழுதுவார்கள். 446 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர், அடியில் கிடக்கும் பாறைக்கு வயது 180 கோடி ஆண்டு, இப்படி. எனக்கு அடாவின் துணி மூட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த விளிம்பில் யார் விடுதி கட்டினார்கள், எது நிலைத்தது, எது மண்ணோடு போனது என்று தேடிக்கொண்டு போனால், எல்லா இடத்திலும் இரண்டு கேள்விகள்தான் வந்து நிற்கின்றன. தண்ணீர் யார் கையில் இருந்தது? வழி யார் கையில் இருந்தது?

தண்ணீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியும் மழையும் வராத இடமல்ல. ஆனால் மேல்தளத்தில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, முழுக்க விரிசல். விழுகிற நீர் மேலே நிற்காமல் அப்படியே கீழே இறங்கிவிடும். போதாததற்கு, பாறை அடுக்குகள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அதனால் தென் விளிம்பில் பெய்கிற நீர் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறது. உள்ளே இறங்கிய நீர், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் நீர் கசியாத களிப்பாறை அடுக்கைத் தொட்ட பிறகு, பக்கவாட்டில் சுனையாக வெளியே வரும். ஆக, மனிதர் தங்குவதற்கு ஏற்ற சமதளம் மேலே, குடிக்கிற தண்ணீர் கீழே. வடக்கு விளிம்பு சற்று உயரம். பனி அதிகம், சாய்மானமும் பள்ளத்தாக்கை நோக்கி. அதனால் பெரிய சுனைகள் அந்தப் பக்கத்துச் சுவரில்தான் கொட்டுகின்றன. இந்த ஏற்பாடு பின்னால் வந்த எல்லோரையும் ஆட்டிவைத்தது.

அங்கே காலங்காலமாக வாழ்ந்த ஹவாசுபாய் பழங்குடி மக்களுக்கு இது எப்போதோ தெரியும். அந்தப் பெயருக்கே நீலப்பச்சை நீரின் மக்கள் என்று பொருள். கோடையில் பள்ளத்தாக்கின் உள்ளே, சுனைகளை ஒட்டி, சோளமும் பூசணியும் போட்டுப் பிழைத்தார்கள். குளிர் வந்ததும் மேலேறி, பனி உருகும் நீரை நம்பிக் காட்டில் வேட்டையாடினார்கள். மேலேயே ஆண்டு முழுக்க உட்கார வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே இல்லை. பின்னால் சுற்றுலாப் பயணிகள் இறங்கிய பிரைட் ஏஞ்சல் பாதை, அவர்கள் கால்பட்டுத் தேய்ந்த பழைய வழிதான்.

வெளியாட்களில் முதலில் வந்தது ஸ்பானியர்கள், 1540-ல். கார்சியா லோபெஸ் தே கார்தெனாஸ் என்ற படைத்தலைவனை ஹோபி இனத்து வழிகாட்டிகள் தென் விளிம்புக்கு அழைத்து வந்தார்கள். தாகத்தோடு வந்த கூட்டம். கண்ணுக்குத் தெரிகிற ஆற்றைத் தொட முடியவில்லை. மூன்று பேர் இறங்கிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு தூரம் போய்த் திரும்பிவிட்டார்கள். மேலிருந்து ஆள் உயரம் போலத் தெரிந்த பாறைகள் செவில் நகரத்து மாதா கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாக இருந்தன என்று சொன்னார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் யாரும் இந்தப் பக்கம் அக்கறை காட்டவில்லை. 1858-ல் வந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஜோசப் ஐவ்ஸ், பயனில்லாத இந்த இடத்துக்கு வந்த முதல் வெள்ளையர் கூட்டமும் கடைசிக் கூட்டமும் நாங்கள்தான் என்கிற பொருளில் அறிக்கை எழுதி வைத்தார். பதினோரு ஆண்டு கழித்து, 1869-ல், ஒரு கையை உள்நாட்டுப் போரில் இழந்திருந்த ஜான் வெஸ்லி பவல் நான்கு படகுகளோடு ஆற்றில் இறங்கி மூன்று மாதத்தில் மறுமுனைக்கு வந்தார். நாடு முழுக்க அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் பரவியது. பார்க்க ஆசைப்பட்டவர்கள் எங்கே வந்து இறங்குவார்கள், எங்கே தூங்குவார்கள் என்பதற்கு மட்டும் யாரிடமும் விடை இல்லை.

விடை கொடுத்தது ரயில். 1880-களின் தொடக்கத்தில் வடக்கு அரிசோனா வழியாகத் தண்டவாளம் போனது. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் பீச் ஸ்பிரிங்ஸ் என்ற நிலையத்திலிருந்து ஆற்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அங்கே வண்டி இறங்கும்படியாக ஒரு ஓடைப்பாதை, கீழே டைமண்ட் கிரீக் என்ற ஓடை, அதில் தண்ணீர். ஜூலியஸ் ஃபார்லி என்பவர் 1884-ல் அந்த ஓடையருகே மரப்பலகையால் ஒரு விடுதி கட்டினார். கிராண்ட் கேன்யனின் முதல் விடுதி அதுதான். விளிம்பில் கட்டப்படவில்லை, அடியில் கட்டப்பட்டது. தண்ணீரும் வழியும் ஒரே இடத்தில் இருந்த அபூர்வமான இடம் அது. ஹுவாலபாய் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் நிலம் அது. இன்றைக்கும் பள்ளத்தாக்குக்குள் வாகனத்தில் ஆற்றுவரை போக முடிகிற பாதை அது ஒன்றுதான்.

ஆனாலும் ஃபார்லியின் விடுதி 1889-ல் மூடப்பட்டது. காரணம் எளிது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். ஜனங்கள் பார்க்க ஆசைப்பட்டதோ மேலே நின்று பார்க்கும் அந்த அகலத்தை. அந்தக் காட்சி கிழக்கே, தண்ணீர் இல்லாத விளிம்பில் கிடைத்தது. கூட்டம் அங்கே போனது.

அங்கே ஏற்கனவே ஒருவர் குடிசை போட்டிருந்தார். ஜான் ஹான்ஸ், 1883 வாக்கில் வந்தவர், தென் விளிம்பில் நிலையாகக் குடியேறிய முதல் வெள்ளைக்காரர். கல்நார் தோண்ட வந்தார். நல்ல தரமான கல்நார் கிடைக்கவும் செய்தது. ஆனால் அதைக் கழுதை முதுகில் மேலேற்றி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றுவதற்குள் லாபம் கரைந்துவிடும். சுரங்கத்துக்காக அவர் வெட்டிய பாதையில் இறங்கிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள். 1886-ல் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கூடாரம், சாப்பாடு, வழித்துணை எல்லாம் உண்டு.

அதோடு கதையும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கை நான்தான் தோண்டினேன் என்பார் ஹான்ஸ். தோண்டிய மண் எங்கே என்று கேட்டால், தெற்கே தெரிகிற சான் ஃபிரான்சிஸ்கோ மலையைக் கை காட்டுவார். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிறைந்த ஒரு நாளில், பனிச் செருப்பு கட்டிக்கொண்டு அதன் மேலேயே நடந்து வடக்கு விளிம்புக்குக் கிளம்பினாராம். பாதி வழியில் பனி விலகி, நடுவில் ஒரு பாறை உச்சியில் மாட்டிக்கொண்டாராம். பல மணி நேரம் குதிரை வண்டியில் குலுங்கி, புழுதி குடித்து வந்தவர்களுக்கு ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைக் கேட்பது பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்குச் சமமாக இருந்திருக்கிறது. விருந்தாளிகள் எழுதிவைத்த அவருடைய குறிப்பேடு 1899-ல் அச்சிலேயே வந்தது. வசதி குறைந்த இடத்தில் ஆளைத் தங்கவைப்பது உபசரிப்பவரின் பேச்சுதான் என்பதை ஹான்ஸ் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

ஹான்ஸைப் போலவே அந்த விளிம்பில் விடுதி வைத்த ஏறக்குறைய எல்லோரும் சுரங்கம் தோண்ட வந்து கைசுட்டுக்கொண்டவர்கள். இது தற்செயல் இல்லை. அரசு நிலத்தில் கனிமம் கண்டதாகச் சொல்லி உரிமை பதிவு செய்ய 1872-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் யாருக்கும் வழிவிட்டது. சுரங்கத்துக்குப் பாதை வேண்டும். பாதை போட்டால் அதற்குச் சுங்கம் வாங்க அரிசோனா பிரதேசச் சட்டம் அனுமதித்தது. கனிமம் தேறாவிட்டாலும் நிலமும் பாதையும் கையில் நிற்கும். அப்புறம் கோவேறு கழுதைகள் தாது சுமப்பதற்குப் பதிலாகப் பயணியைச் சுமக்கும்.

பீட் பெர்ரிக்கு மட்டும் கனிமமும் தேறியது. 1890-ல் கூட்டாளிகளோடு பள்ளத்தாக்கின் உள்ளே ஒரு மேட்டில் செம்பு கண்டார். சுரங்கத்துக்கு வைத்த பெயர் 'கடைசி வாய்ப்பு'. அங்கிருந்து விளிம்புக்கு 1893-க்குள் கிராண்ட்வியூ பாதையைப் போட்டார்கள். செங்குத்தான இடங்களில் மரக்கட்டைகளைப் பாறையோடு சங்கிலியால் பிணைத்து அதன் மேல் கல் பரப்பிய பாதை அது. ஒவ்வொரு கோவேறு கழுதையும் 90 கிலோ தாதுவைச் சுமந்து மேலேறும். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய தாதுவில் எழுபது சதவீதம் செம்பு இருந்தது, பரிசும் கிடைத்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு வருகிற செலவு விடவில்லை. 1897-ல் பெர்ரி விளிம்பிலேயே மரக்கட்டைகளால் கிராண்ட்வியூ விடுதியைக் கட்டித் திறந்தார். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து குதிரை வண்டி நேராக அங்கே வரும். விடியலில் ஏறினால் இருட்டும் நேரத்தில் இறங்கலாம், வழியில் குதிரைகளை மாற்றுவார்கள். சில ஆண்டுகள் பள்ளத்தாக்கிலேயே நல்ல விடுதி என்று பேர் வாங்கியது.

அதே நேரத்தில் மேற்கே 18 கிலோமீட்டர் தள்ளி, பிரைட் ஏஞ்சல் பாதையின் தலைப்பில் இன்னொரு விடுதி எழுந்தது. ஜேம்ஸ் தர்பர் என்ற குதிரை வண்டிக்காரர் 1896-ல் கட்டிய பிரைட் ஏஞ்சல் ஹோட்டல். பெயர்தான் ஹோட்டல், ஒரு சின்ன மரக்கட்டடம், பக்கத்தில் வரிசையாகக் கூடாரங்கள். கிராண்ட்வியூவுக்கு முன்னால் நிற்க முடியாத இடம். ஆனால் சரித்திரம் அந்தப் பக்கம் சாய்ந்தது, தண்டவாளத்தின் மூலமாக.

வில்லியம்ஸ் ஊரிலிருந்து விளிம்புக்கு ரயில் கொண்டுவர வேண்டும் என்று முதலில் ஓடியாடியவர் பக்கி ஓ'நீல். அவரும் செம்புச் சுரங்கக்காரர், பத்திரிகையாளர், போலீஸ் அதிகாரியாகவும் இருந்தவர். 1898-ல் கியூபா போரில் இறந்துபோனார். ரயில் வேலையைத் தொடங்கிய கம்பெனியும் பாதியில் திவாலானது. சாண்டா ஃபே ரயில்வே அதை வாங்கி முடித்தது. 1901 செப்டம்பர் 17 அன்று முதல் பயணிகள் ரயில் விளிம்புக்கு வந்தது. 103 கிலோமீட்டர். குதிரை வண்டிக்கு 15 முதல் 20 டாலர். ரயிலுக்கு 3 டாலர் 95 சென்ட். தண்டவாளம் முடிந்த இடம் பிரைட் ஏஞ்சல் பாதையின் தலைப்பு. அன்றோடு கிராண்ட்வியூவின் காலம் முடிந்தது என்றே சொல்லலாம். விடுதி அழகாகத்தான் இருந்தது, காட்சியும் குறையவில்லை. ரயிலிலிருந்து இறங்கியவர் கண்முன்னே பள்ளத்தாக்கு இருக்கும்போது இன்னும் 18 கிலோமீட்டர் குதிரை வண்டியில் போக யாருக்கு மனம் வரும்? 1907-ல் செம்பு விலையும் விழுந்தது. சுரங்கம் நின்றது.

ரயில் வந்த இரண்டாம் ஆண்டில், 1903 மே 6 அன்று, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதில் வந்து இறங்கினார். இதை இப்படியே விட்டுவிடுங்கள், இதை மேம்படுத்த உங்களால் முடியாது என்று அவர் அன்று பேசியதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வார்கள். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். விளிம்பில் ஹோட்டல் கட்ட வேண்டாம் என்று ரயில்வேக்காரர்கள் முடிவு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ச்சி அடைவதாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1905 ஜனவரியில் விளிம்பை ஒட்டி, சில தப்படி தூரத்தில், எல் டோவார் ஹோட்டல் திறக்கப்பட்டது.

எல் டோவார் அதுவரை அங்கே இருந்த எதையும் போல இல்லை. சாண்டா ஃபே கம்பெனி இரண்டரை லட்சம் டாலர் செலவிட்டது. சார்லஸ் விட்டில்சி வரைந்தார். ஓரிகனிலிருந்து ரயிலில் வந்த பெரிய மரக்கட்டைகள், ஸ்விஸ் மலை வீட்டுச் சாயல், நூறு அறை அளவுக்கு இடம், நீராவியால் வெப்பம், மின்விளக்கு. நடத்தியது ஃப்ரெட் ஹார்வி கம்பெனி. ரயில் பாதை நெடுக உணவகம் நடத்தி, வெள்ளைத் துணி விரித்த மேசையும் சீருடைப் பெண் பரிமாறுநர்களுமாகப் பெயர் வாங்கிய கம்பெனி அது. சமையலறைக்கென்று சொந்தமாக மாடு, கோழி, காய்கறிக்குக் கண்ணாடிக் கூடம். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1540-ல் ஹோபி மக்களிடமிருந்து ஒரு பெரிய ஆற்றைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தலைமைக்குச் சொன்ன பெத்ரோ தே தோவார் என்பவரின் பெயர். பள்ளத்தாக்கை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

இவ்வளவு வசதிக்கும் தண்ணீர்? ரயிலில் வந்தது. 190 கிலோமீட்டருக்கு அப்பால் டெல் ரியோ என்ற இடத்திலிருந்து டேங்கர் பெட்டிகளில், நாள்தோறும். அறையில் ஒருவர் குழாயைத் திறந்து முகம் கழுவினால் அந்தத் தண்ணீர் அரை அரிசோனா தாண்டி வந்தது. அடா பாஸ் மழைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே விளிம்பு, அதே ஆண்டுகள். ரயில்வேயால் தண்ணீரைக் கொண்டுவர முடிந்தது, பாஸால் முடியவில்லை. வேறு விளக்கம் தேவையில்லை. 1920-களின் நடுவில் பாஸ் குடும்பம் எல்லாவற்றையும் சாண்டா ஃபேயிடம் விற்றுவிட்டு ஒதுங்கியது. ஹான்ஸையோ ஹார்வி கம்பெனி எல் டோவாரிலேயே தங்கவைத்துக்கொண்டது. விருந்தாளிகளுக்குக் கதை சொல்வதுதான் அவர் வேலை. 1919 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த மாதம், பிப்ரவரி 26-ல், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது.

எல் டோவாருக்குச் சற்றுத் தள்ளி, பாதையின் தலைப்பில், எல்ஸ்வர்த், எமரி என்று இரண்டு சகோதரர்கள் ஒரு ஸ்டுடியோ வைத்தார்கள். கோல்ப் சகோதரர்கள் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். காலையில் கோவேறு கழுதையில் இறங்கும் பயணிகளைப் படம் எடுப்பார்கள். படம் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், மேலே கிடையாது. ஆகவே கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டு 7 கிலோமீட்டர் கீழே, அன்று 'இந்தியன் கார்டன்' என்று அழைக்கப்பட்ட சுனைக்கு ஓடுவார்கள். அங்கே இருந்த இருட்டறையில் கழுவி, பிரதி எடுத்து, கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றத்தை மறுபடி ஏறி, பயணிகள் திரும்புவதற்குள் படத்தை விற்பனைக்கு வைத்துவிடுவார்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அந்த விளிம்பில் ஒவ்வொருவர் காலிலும் எழுதியிருந்தது.

அந்தச் சுனையும் அந்தப் பாதையும் ரால்ஃப் கேமரன் பிடியில் இருந்தன. பெர்ரியின் பழைய கூட்டாளி. ஹவாசுபாய் வழியை 1891-ல் அகலப்படுத்திச் சுங்கப் பாதையாகப் பதிவு செய்தார்கள். பின்னால் அது கேமரன் கைக்கு வந்தது. சவாரிக்கு ஒரு டாலர். பாதையின் தலைப்பிலும் சுனையடியிலும் சுரங்க உரிமை என்று பதிந்து வைத்தார், தோண்ட அங்கே ஒன்றும் இல்லை. கீழே குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும்கூடத் தனியாகக் காசு வாங்கினார். 1903-ல் ரயிலடிக்கு எதிரேயே கேமரன் ஹோட்டலைத் திறந்தார். ரயில்வேக்கு அவரை அசைக்க முடியவில்லை. வழக்கு மேல் வழக்கு நடந்தது. சுங்கம் கொடுக்காமல் ஆற்றுக்கு இறங்க வேண்டும் என்பதற்காகவே மேற்கே ஹெர்மிட் என்ற தனிப் பாதை போட்டு, 1912 வாக்கில் கீழே முகாம் அமைத்தது ரயில்வே. 1920-ல் உச்ச நீதிமன்றம் கேமரனின் சுரங்க உரிமைகள் செல்லாது என்றது. அந்த ஆண்டே அவர் செனட்டுக்குத் தேர்வாகி, அங்கிருந்து பூங்கா நிர்வாகத்தோடு சண்டையைத் தொடர்ந்தார். பாதையை மாவட்டத்திடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்வதாகப் பூங்காத் துறை 1 லட்சம் டாலர் தர முன்வந்தபோது 1924-ல் மாவட்ட மக்கள் வாக்களித்து மறுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் தெற்கு கைபாப் பாதை வெட்டப்பட்டது. பிரைட் ஏஞ்சல் பாதை பூங்காவிடம் வந்து சேர 1928 ஆகிவிட்டது.

1928-ல் இன்னொன்றும் நடந்தது. கேமரனுக்கும் ரயில்வேக்கும் பல ஆண்டு சண்டை நடந்த அந்தச் சுனையடியில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வந்தவர்கள் ஹவாசுபாய்கள். 1882-ல் அரசு அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் ஒரு கிளைப் பள்ளத்தாக்குக்குள் வெறும் 518 ஏக்கர். குளிர்காலக் காடு முழுக்கப் பறிபோனது. சிலர் விளிம்பில் கூலி வேலைக்கு வந்தார்கள், சிலர் சுனையடியை விடாமல் இருந்தார்கள். கடைசியாக இருந்த கேப்டன் பர்ரோ 1928-ல் பூங்கா நிர்வாகத்தால் வெளியேற்றப்பட்டார்.

அதே ஆண்டில்தான் ஆற்றின் மேல் கைபாப் தொங்குபாலம் கட்டி முடிந்தது. பாலத்துக்கு எட்டு முக்கியக் கம்பிவடங்கள். ஒவ்வொன்றும் ஒரு டன், நீளம் ஏறத்தாழ 165 மீட்டர். கழுதை முதுகில் ஏறாது, வளைவுப் பாதையில் வண்டியும் போகாது. 42 ஆண்கள், ஹவாசுபாய்கள், இடைவெளி விட்டு வரிசையாக நின்று, ஒரு வடத்தை அத்தனை பேர் தோளிலும் தாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பாம்பைப் போல அதை வளைத்து வளைத்து, விளிம்பிலிருந்து ஆறு வரை சுமந்து இறக்கினார்கள். ஒரு வடம் முடிந்தால் அடுத்தது. சுனையடியிலிருந்து தங்கள் ஆள் வெளியேற்றப்பட்ட அதே ஆண்டில். கீழே ராத்தங்கும் பயணிகள் இன்றும் நடந்து கடக்கிற பாலம் அது. விடுதிகளின் வரலாற்றில் கட்டியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் வருகிறது. இந்த நாற்பத்திரண்டு பேரையும் அதே வரிசையில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பாலத்துக்கு அக்கரையில் இருப்பது ஃபேன்டம் ரான்ச். டேவிட் ரஸ்ட் என்பவர் முன்பு கூடாரம் போட்டிருந்த இடம். 1922-ல் ஹார்வி கம்பெனிக்காக அங்கே குடில்கள் வரைந்தவர் மேரி கோல்டர். 1905-ல் எல் டோவாருக்கு எதிரே ஹோபி ஹவுஸை வரைந்ததும் அவர்தான். கட்டடக் கலை ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த காலம். கீழே எதைக் கட்டுவதானாலும் கழுதை முதுகில்தான் வர வேண்டும் என்பதால், ஆற்றில் கிடந்த உருண்டைக் கற்களையே சுவராக வைத்தார். கல் மட்டும்தான் அங்கே இலவசம்.

கோல்டரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பழசைத் தூக்கி எறியாத குணம். 1926 வாக்கில் ரயிலைவிடக் காரில் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல் டோவார் கட்டணம் கட்டுப்படியாகாத கூட்டம். அவர்களுக்காக 1935-ல் பிரைட் ஏஞ்சல் லாட்ஜைக் கட்டும்போது, இடித்துத் தள்ள வேண்டியவை என்று குறித்திருந்த இரண்டு பழைய கட்டடங்களை இடிக்க விடாமல் புது விடுதிக்குள்ளேயே சேர்த்தார். ஒன்று பக்கி ஓ'நீலின் மரக்குடில். விளிம்பில் இன்றும் நிற்கிற மிகப் பழைய கட்டடம். மற்றது ரெட் ஹார்ஸ். குதிரை வண்டி நிற்கிற சாவடியாக 1890-ல் தெற்கே வேறொரு இடத்தில் கட்டியதைக் கேமரன் பிரித்துக் கொண்டுவந்து, மேலே ஒரு மாடி ஏற்றி, கேமரன் ஹோட்டலாக்கினார். அப்புறம் தபால் நிலையமாக இருந்தது. இப்போது அது மறுபடி பயணி தூங்குகிற அறை. லாட்ஜின் கூடத்தில் ஒரு கணப்படுப்பு உண்டு. ஆற்றடியிலிருந்து விளிம்பு வரை உள்ள பாறை அடுக்குகளை அதே வரிசையில், கீழே பழையது மேலே புதியது என்று அடுக்கிக் கட்டியது. கற்கள் பள்ளத்தாக்கிலிருந்தே வந்தவை. அதன் முன்னால் நின்றால் 1.6 கிலோமீட்டர் ஆழம் ஒரு கணப்படுப்பின் உயரத்துக்குள் அடங்கிவிடும்.

பெர்ரியின் கிராண்ட்வியூ விடுதி கடைசியில் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் சொத்தாகி, 1929-ல் பிரிக்கப்பட்டது. அதன் மரக்கட்டைகள் சிலவற்றைக் கோல்டர் 1932-ல் டெசர்ட் வியூ காவற்கோபுரத்தின் கீழ்த்தளக் கூரைக்குப் பயன்படுத்தினார். இன்று அங்கே நிற்கிற யாராவது அண்ணாந்து பார்த்தால், 1897-ல் திறந்த விடுதியின் மிச்சத்தைப் பார்க்கலாம். வடக்கு விளிம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே 1928-ல் கட்டிய கிராண்ட் கேன்யன் லாட்ஜ் 1932-ல் எரிந்தது. 1937-ல் மறுபடி கட்டினார்கள். 2025 ஜூலையில் காட்டுத் தீயில் அதுவும் எரிந்துபோனது.

டெல் ரியோவிலிருந்து தண்ணீர் ரயில் 1932 வாக்கில்தான் தேவையில்லாமல் போனது. இந்தியன் கார்டன் சுனையிலிருந்தே நீரை மேலே ஏற்றும் குழாய் வந்தது. கேப்டன் பர்ரோ போன நான்காம் ஆண்டு, அவர் தோட்டத்துச் சுனை எல் டோவாரின் குழாயில் வந்தது. கூட்டம் பெருக அதுவும் போதவில்லை. 1960-களில் வடக்குச் சுவரில் கொட்டும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் சுனையிலிருந்து பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து 20 கிலோமீட்டர் குழாய் பதிக்கத் தொடங்கி, 1970-ல் முடித்தார்கள். ஹவாசுபாய்களுக்கு 1975-ல் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. சுனையடி அதில் சேரவில்லை. 2022-ல் அந்த இடத்தின் பெயரை மட்டும் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று மாற்றினார்கள்.

குழாய் வயதாகி, 2010-லிருந்து எண்பது தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. 2024 கோடையில் நாலு இடத்தில் உடைந்தது. ஆகஸ்ட் 29 முதல், நீண்ட விடுமுறை வாரத்தில், தென் விளிம்பின் விடுதிகளில் இரவு தங்குவதை நிறுத்திவிட்டார்கள். எல் டோவார், பிரைட் ஏஞ்சல், கீழே ஃபேன்டம் ரான்ச் எல்லாம் காலி. பகலில் வந்து பார்க்கலாம், குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஹான்ஸ் காலத்து நிலைமை சில நாள் திரும்பி வந்தது.

இப்போது 20 கோடி டாலருக்கு மேல் செலவில் புதுக் குழாய்ப் பணி நடக்கிறது. நீர் எடுக்கும் இடத்தை ஃபேன்டம் ரான்ச் பக்கத்து ஓடைக்கே இறக்குகிறார்கள். குழாயும் இயந்திரமும் ஹெலிகாப்டரில் இறங்குகின்றன. ஃபேன்டம் ரான்ச்சுக்கு மளிகையும் தபாலும் மட்டும் இன்னும் கோவேறு கழுதை முதுகில்தான் போய் வருகின்றன. அங்கிருந்து அனுப்புகிற தபால் அட்டையில் அதைச் சொல்லும் முத்திரை ஒன்றும் குத்தித் தருகிறார்கள்.